ரீசெட் ஓட்டையில் குத்தாதீங்க சித்தப்பா

வைஃபை பாஸ்வேர்டு மறந்துபோனால் நம் வீடுகளில் முதலில் தேடுவது ஊசியைத்தான். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்திருப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை திருவையாற்றிலிருந்து சித்தி கூப்பிட்டபோது சித்தப்பா கையில் ஊக்கோடு தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"புது டிவி வந்துருக்கும்மா. நெட்டு பாஸ்வேர்டு கேக்குது. யாருக்கும் தெரியல. எதிர்வீட்டுத் தம்பி பின்னாடி குத்தச் சொல்லுது. குத்தவா?"

"வேணாம் சித்தி. முதல்ல சித்தப்பாகிட்ட இருந்து அந்த ஊக்க வாங்குங்க."

நான் திருவாரூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயிற்றுநர். சொந்தக்காரர்கள், சக ஆசிரியர்கள், பிள்ளைகளின் பெற்றோர் என்று மாதம் ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். பாதிப் பேர் குத்திவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ரீசெட் என்பது பெட்டியைக் கடையிலிருந்து வந்த நாள் நிலைக்குக் கொண்டுபோவது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் அழிந்தால் பரவாயில்லை. நெட் கம்பெனி நம் இணைப்புக்கென்று கொடுத்த பிபிபிஓஇ பயனர்பெயர் (ரவுட்டர் கம்பெனியிடம் தன்னை அடையாளம் காட்டும் பெயர்), அதற்கான பாஸ்வேர்டு, சில இடங்களில் விலேன் எண் (கம்பெனி தன் லைனில் நம் இணைப்பைப் பிரித்தறிய வைக்கும் எண்), இவையும் அந்தப் பெட்டிக்குள்தான் பதிந்திருக்கும். இணைப்பு கொடுக்க வந்தவர் தன் போனைப் பார்த்துத் தட்டிவிட்டுப் போயிருப்பார். நம் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. ஊக்கை உள்ளே விட்டுப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் அத்தனையும் போய்விடும். வைஃபை வரும், இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாது. சில கம்பெனிகள் தங்கள் இடத்திலிருந்தே மறுபடி நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் லைன்மேனைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாஸ்வேர்டு நமக்கு மறந்திருக்கலாம், வீட்டுக்கு மறக்கவில்லை. அந்த வைஃபையில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு போனும் லேப்டாப்பும் அதை உள்ளே வைத்திருக்கிறது. வைத்திருந்தால்தான் தினமும் தானாக இணைய முடியும். ஆகவே செய்ய வேண்டியது, அந்தக் கருவிகளை ஒவ்வொன்றாக விசாரிப்பதுதான்.

சித்தப்பாவிடம் முதலில் ரவுட்டரின் ஸ்டிக்கரைப் படமெடுக்கச் சொன்னேன். பெட்டியைக் கூடத்து ஷோகேஸுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறார்கள், ஸ்டிக்கர் சுவரைப் பார்த்தபடி. கழற்றிப் பார்க்கிறேன் என்று ஸ்டூலில் ஏறினார். "மஞ்சள் வயரு மடங்காம பாத்துக்குங்க, அதுக்குள்ள கண்ணாடி இழை இருக்கு" என்று கத்தினேன். ஃபைபர் இணைப்பில் கவனமாக இருக்க வேண்டிய இடம் அது. செம்புக் கம்பியைப் போல இழுத்து மடக்கினால் உள்ளே இழை உடைந்து மொத்த இணைப்பும் படுத்துவிடும். கடைசியில் சித்தி தன் போனைச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் விட்டு ஃபிளாஷ் போட்டு எடுத்த படம்தான் தெளிவாக வந்தது.

பெரும்பாலான ஸ்டிக்கர்களில் இரண்டு பாஸ்வேர்டு இருக்கும். ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. 'வயர்லெஸ் கீ' என்றோ 'வைஃபை பாஸ்வேர்டு' என்றோ போட்டிருக்கும். இன்னொன்று ரவுட்டருக்குள் நுழைந்து அமைப்புகளை மாற்றுவதற்கு, பக்கத்தில் 192.168.1.1 போல ஒரு முகவரி இருக்கும். இரண்டாவதை எடுத்து டிவியில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறையப் பேர். சித்தப்பா சரியானதைத்தான் போட்டார். டிவி ஏற்கவில்லை. ஸ்டிக்கரில் இருப்பது கம்பெனி வைத்தது. சித்தி பொண்ணு 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது அதை மாற்றியிருக்கிறாள். அவள் இப்போது கோயம்புத்தூரில். தான் வழக்கமாக வைக்கும் பாஸ்வேர்டுகளை எல்லாம் வாட்ஸாப்பில் அனுப்பினாள். ஒன்றும் சேரவில்லை.

அடுத்தது சித்தியின் போன். ஆண்ட்ராய்டு 10 முதல் இது மிகச் சுலபம். செட்டிங்ஸில் வைஃபைக்குப் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு, 'ஷேர்' என்பதை அழுத்த வேண்டும். கைரேகையோ பின் நம்பரோ கேட்கும். பிறகு ஒரு கியூஆர் கட்டம் வரும், நிறையப் போன்களில் அதன் அடியிலேயே பாஸ்வேர்டு எழுத்தாகத் தெரியும். எழுத்து தெரியாவிட்டாலும் கவலை இல்லை. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது வைஃபை பெயர், பாதுகாப்பு வகை, பாஸ்வேர்டு மூன்றும் சாதாரண எழுத்தாகத்தான். இன்னொரு போனில் கட்டத்தை எழுத்தாகக் காட்டும் ஸ்கேனர் இருந்தால் வாசித்துவிடலாம். இதே காரணத்தால் இந்தக் கட்டத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். வீட்டுச் சாவியைப் படியெடுத்து எல்லாருக்கும் கொடுப்பதும் இதுவும் ஒன்று. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் வழி இருக்கிறது: வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்துக்குள் 'ஐ' குறியைத் தொட்டால் பாஸ்வேர்டு வரி இருக்கும், அதைத் தொட்டு முகத்தைக் காட்டினால் போதும்.

சித்தியின் போன் ஆண்ட்ராய்டு 9. ஷேர் என்பதே அதில் இல்லை. சித்தப்பாவுடையது பட்டன் போன், அதில்தான் நான் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன்.

சரி, சித்தியின் போனிலிருந்தே ரவுட்டருக்குள் போய்ப் பார்ப்போம் என்றேன். வைஃபையில் இணைந்த போனாக இருந்தால் போதும். பிரவுசரில் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை அடித்தால் உள்நுழையும் பக்கம் வரும். முகவரி தெரியாவிட்டால் வைஃபை விவரங்களில் 'கேட்வே' என்று இருப்பதுதான் அது. உள்ளே போய்விட்டால் வயர்லெஸ் பகுதியில் பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாக இருக்கும், பக்கத்தில் கண் படத்தைத் தொட்டால் எழுத்தாகிவிடும். ஸ்டிக்கரில் இருந்த பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுப் பார்த்தார்கள். தவறு என்றது. சித்தி பொண்ணு இதைத் தொட்டதில்லை என்கிறாள். அப்படியென்றால் இணைப்பு கொடுத்தவர் மாற்றியிருக்கிறார், சொல்லவில்லை.

இதில் எனக்குக் கோபம் உண்டு. தொழிற்சாலை பாஸ்வேர்டை அப்படியே விடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது, பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல். ஆனால் மாற்றியதை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் போவது வேறு விஷயம். காசு கொடுத்து வாங்கிய பெட்டி, மாதாமாதம் பணம் கட்டும் இணைப்பு. அதைத் திறக்க வெளியாளைக் கெஞ்ச வேண்டியிருப்பது நியாயமில்லை. இணைப்பு கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். "அது உங்களுக்கு எதுக்கு" என்றால் விடாதீர்கள்.

மிச்சம் இருந்தது ஒரு பழைய லேப்டாப். சித்தி பொண்ணு பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. விண்டோஸும், பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இரண்டும் ஏற்றி வந்தது. பிறகு விண்டோஸ் 10 மட்டும் வைத்துக்கொண்டாள். பீரோவுக்கு மேலே பழைய புடவை சுற்றிக் கிடந்தது. அவள் ஊரடங்கில் ஆபீஸ் லேப்டாப் வருவதற்கு முன்னால் இதில்தான் வேலை பார்த்தாள் என்று சித்திக்கு ஞாபகம் வந்தது. பேட்டரி செத்துவிட்டது, சார்ஜரைச் செருகினால் மட்டும் உயிர் வரும். வந்தது.

விண்டோஸில் இரண்டு வழி உண்டு. இப்போது இணைந்திருக்கும் வைஃபை என்றால் விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, 'என்சிபிஏ' புள்ளி 'சிபிஎல்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் நெட்வொர்க் ஜன்னல் வரும். வைஃபை படத்தை இரட்டைச் சொடுக்கு, பிறகு 'வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'செக்யூரிட்டி', அங்கே 'ஷோ கேரக்டர்ஸ்' கட்டத்தில் டிக். முடிந்தது. சித்தி வீட்டு லேப்டாப்பில் வைஃபை பாகம் தகராறு செய்தது, பெயர்களையே காட்டவில்லை. அதனால் அந்த வழி அடைபட்டது. ஆனால் விண்டோஸ் தான் ஒருமுறை இணைந்த ஒவ்வொரு வைஃபையின் விவரத்தையும் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருக்கும். 'மறந்துவிடு' என்று சொன்னாலொழிய அழிக்காது. இப்போது இணையாவிட்டாலும் அதைக் கேட்டு வாங்கலாம். அதற்குக் கறுப்பு ஜன்னல், அதாவது கமாண்ட் பிராம்ப்ட் வேண்டும். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, வலது சொடுக்கில் நிர்வாகியாகத் திறக்க வேண்டும்.

கட்டளையை சித்தியின் வாட்ஸாப்புக்கு அனுப்பினேன். எழுத்து பொடியாக இருக்கிறது, நீ வாயால் சொல்லு என்றார் சித்தப்பா. மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதிய கை. ஒரு எண்ணைச் சொன்னால் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். அன்றைக்கும் அப்படித்தான்.

"என், ஈ, டி, எஸ், எச். சேத்து."

"என், ஈ, டி, எஸ், எச். ஆச்சு."

"ஒரு இடம் விட்டு டபிள்யூ, எல், ஏ, என். அப்புறம் ஷோ. அப்புறம் ப்ரொஃபைல்ஸ், கடைசியில எஸ் உண்டு."

என்டர் தட்டியதும் லேப்டாப் இதுவரை இணைந்த வைஃபைகளின் பட்டியல் வந்தது. வேலை கற்றுக்கொண்ட இடம், தோழி வீடு, ஒரு ஹாஸ்டல் எல்லாம் அதில் இருந்தன. நடுவில் வீட்டு வைஃபையின் பெயரும். சித்தப்பா அதை எழுத்துக்கு எழுத்து வாசித்தார். அடுத்த கட்டளை அதேதான், கடைசி எஸ் இல்லாமல். ப்ரொஃபைல் என்பதற்குப் பிறகு 'நேம்', சமக்குறி, இரட்டை மேற்கோளுக்குள் வைஃபை பெயர். மறுபடி இடம் விட்டு 'கீ', சமக்குறி, 'கிளியர்'. சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடம் விடக் கூடாது. பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே அடிப்பது நல்லது.

நிறைய வரிகள் ஓடின. "செக்யூரிட்டி செட்டிங்ஸ்னு ஒரு தலைப்பு இருக்கும், அதுக்குக் கீழ 'கீ கன்டென்ட்'னு பாருங்க" என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இருக்கும்மா!" என்றார். பின்னாலிருந்து சித்தியின் குரல்: "எழுதுங்க, எழுதுங்க, அது போயிடப் போவுது."

படித்துக் காட்டும்போது ஒரு இடத்தில் நின்றார். "நடுவுல ஒரு பூஜ்யம், அதுல குறுக்கா கோடு போட்டுருக்கு. அடிச்சுட்டானா?" அந்தக் கறுப்பு ஜன்னலின் எழுத்துருவில் பூஜ்யம் அப்படித்தான் இருக்கும், ஆங்கில ஓ எழுத்தோடு குழம்பாமலிருக்க நடுவில் சாய்கோடு. மீட்டர் எண் எழுதியவர் என்பதால் கண்ணில் பட்டது. வேறு யாரும் ஓ என்றே படித்திருப்பார்கள், நாங்களும் இன்னொரு மணி நேரம் அலைந்திருப்போம். சித்தி பொண்ணு ஒரு சொல்லில் ஓ-வுக்குப் பதில் பூஜ்யத்தையும் நடுவில் ஒரு பெரிய எழுத்தையும் போட்டிருந்தாள். அவள் அனுப்பிய பட்டியலில் இதே சொல் இருந்தது, ஓ-வோடு.

டிவியில் ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் போட்டார்கள். அதற்கும் கொஞ்ச நேரம். ரவுட்டரில் ஒரே பெயர் இரண்டு தரம் தெரியும், ஒன்றின் கடைசியில் 5ஜி என்று ஒட்டியிருக்கும். அது போனில் வரும் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மலிவான டிவிகள் பலவும் இன்னொன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும், சுவர்களைத் தாண்டி தூரமாகப் போவதும் 2.4-தான். கூடத்தில் ரவுட்டர், அறையில் டிவி என்றால் அதைத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

டபிள்யூபிஎஸ் பொத்தான் இருக்கிறதே, பாஸ்வேர்டே இல்லாமல் சேர்ந்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். சேரலாம். ரவுட்டரில் பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் டிவியிலும் அதே வழியைத் தேர்ந்தெடுத்தால் இணைந்துவிடும், இரண்டிலும் வசதி இருந்தால். ஆனாலும் நான் அதைச் சொல்லவில்லை. டிவி மட்டும் சேர்ந்திருக்கும், பாஸ்வேர்டு தெரியாத நிலை அப்படியே இருந்திருக்கும். பொத்தானோடு கூடவே வரும், பாஸ்வேர்டுக்குப் பதில் ரவுட்டரின் ஒரு எண்ணைப் போட்டுச் சேரும் பின் நம்பர் முறை இன்னும் மோசம். எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி வாய்ப்பு என்று தோன்றும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண், மற்ற ஏழிலிருந்து கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். மீதி ஏழையும் ரவுட்டர் முதல் நான்கு, அடுத்த மூன்று என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே சரி, தவறு சொல்லிவிடுகிறது. ஆக 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 முயற்சிக்குள் அகப்பட்டுவிடும். இந்த ஓட்டை 2011 டிசம்பரில் வெளியே தெரிந்தது. ஆண்ட்ராய்டு 9-இலிருந்து கூகுள் டபிள்யூபிஎஸ்ஸையே எடுத்துவிட்டது. உங்கள் ரவுட்டரில் பின் முறை இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இன்னொரு பக்கம், வைஃபை பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று பிளே ஸ்டோரில் வரும் செயலிகள். தயவுசெய்து வேண்டாம். பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. அதையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4,096 சுற்று அரைத்து, 256 பிட் நீளமுள்ள ஒரு சாவியை ரவுட்டரும் போனும் தனித்தனியே செய்துகொள்கின்றன. இருவரிடமும் ஒரே சாவி இருக்கிறது என்பதை மட்டும்தான் சரிபார்த்துக்கொள்கின்றன. காற்றிலிருந்து அதைப் பிடித்துக் கொடுக்க எந்தச் செயலிக்கும் முடியாது. அவற்றில் பல, மற்றவர்கள் பகிர்ந்த பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைத்துக் காட்டுபவை. நீங்கள் நிறுவினால் உங்கள் வீட்டுப் பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலுக்குப் போய்விடக்கூடும்.

ஆனால் இணையும் அந்தச் சிறு பேச்சை ஒருவர் பதிவு செய்துகொண்டு, உட்கார்ந்து ஊகித்துப் பார்க்க முடியும். அதனால்தான் மொபைல் நம்பரைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள் என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நம் தெருக்களில் வைஃபை வைத்திருப்பவர்களில் பலர் செய்வது அதைத்தான். நம்மூர் மொபைல் நம்பர்கள் 6, 7, 8, 9 இந்த நான்கில்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி வாய்ப்பு. நமக்குப் பெரிய எண். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள ஒரு கணினிக்குப் பெரிதே இல்லை. குறைந்தது 8 எழுத்து வேண்டும், 63 வரை போகலாம். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நீளமும் கிடைக்கும், வீட்டில் எல்லாருக்கும் வாயிலும் நிற்கும். ஓ-வுக்குப் பூஜ்யம் போடும் வித்தை எல்லாம் நமக்குத்தான் குழப்பம், கணினிக்கு இல்லை.

அப்புறம், எழுதி வையுங்கள். பாஸ்வேர்டை எழுதவே கூடாது என்பது ஆபீஸ் மேஜைக்கான பேச்சு. திருவையாற்றில் பீரோவுக்குள் இருக்கும் டைரியை எட்டி எடுக்கக்கூடியவர் எவருக்கும் வைஃபை ஒரு பொருட்டில்லை. சித்தி வீட்டு டைரியில் கேஸ் நுகர்வோர் எண், மின் இணைப்பு எண், ரேஷன் அட்டை எண் எல்லாம் ஒரே பக்கத்தில் சித்தப்பாவின் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். அதற்குக் கீழேதான் இப்போது வைஃபை பெயரும் பாஸ்வேர்டும். பூஜ்யத்தின் நடுவில் கோடு போட்டே எழுதியிருக்கிறார்.

அதோடு அவர் நிற்கவில்லை. மறுநாள் காலையில் நெட்காரரைக் கூப்பிட்டு பிபிபிஓஇ விவரத்தையும் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் கேட்டிருக்கிறார். "அதெல்லாம் வேணாம் சார், பிரச்சனைன்னா நாங்க வந்து பாக்குறோம்" என்று பதில். "பில்லு என் பேர்ல வருதுல்ல? என் இணைப்போட நம்பர் எனக்குத் தெரியணும். எத்தன வீட்டுக்கு நான் இணைப்பு எண் எழுதிக் குடுத்துருப்பேன் தெரியுமா?" என்று கேட்டாராம். பயனர்பெயரும் அதன் பாஸ்வேர்டும் மாலையில் வந்துவிட்டன. அட்மின் பாஸ்வேர்டு இன்னும் வரவில்லை. தினமும் கடை திறக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.